ஸ்டோமா பக்கத்தில் ஹெர்னியா: மூட்டையைவிட இருமல்தான் எனக்குக் கவலை

நீங்கள் கேட்டிருப்பது இது. அப்பாவுக்கு 61 வயது. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது, இடது பக்கம் நிரந்தர கொலோஸ்டமி, அதாவது பெருங்குடலின் முனையை வயிற்றில் ஒரு வாயாக (ஸ்டோமா) வெளியே கொண்டுவந்து மலத்துக்குப் பை ஒட்டியிருக்கிறார்கள். மளிகைக் கடை வைத்திருப்பவர். வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் "பை வைத்தால் ஹெர்னியா வந்தே தீரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. ஆன்லைனில் ஒரு பெல்ட் வாங்கி இரவும் பகலும் கட்டி வைத்திருக்கிறீர்கள். பெல்ட் போதுமா, இனி ஆயுசுக்கும் அவர் எதையும் தூக்கக் கூடாதா என்பதுதான் எழுதிய கேள்வி. ஆனால் எழுதாத கேள்விகள் இரண்டு அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அப்பா பழையபடி கடைக்குப் போக முடியுமா? நாளைக்கே ஹெர்னியா வந்துவிட்டால் அது நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் வந்ததா? எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

நான் ஸ்டோமா பராமரிப்பில் தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ். ஆபரேஷனுக்கு முதல் நாள் வயிற்றில் பேனாவால் இடம் குறிப்பதிலிருந்து, வருடங்கள் கழித்து "சிஸ்டர், இங்கே ஏதோ புடைக்கிறது" என்று வந்து நிற்பவர்கள் வரை பார்ப்பதுதான் வேலை. சர்ஜன் இல்லை. உங்கள் அப்பாவின் வயிற்றைப் பார்க்காமலும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்காமலும் எழுதுகிறேன். அதனால் கீழே இருப்பதில் ஏதாவது அவருடைய டாக்டர் சொன்னதோடு இடித்தால், டாக்டர் சொன்னதையே கேளுங்கள்.

முதலில் ஹெர்னியா ஏன் வருகிறது என்பது புரிய வேண்டும். குடலை வெளியே கொண்டுவர வயிற்றுச் சுவரின் தசையிலும் அதை மூடியிருக்கும் கெட்டியான உறையிலும் ஒரு துளை போடுகிறார்கள். மற்ற ஆபரேஷன் வெட்டுகளைத் தைத்து மூடிவிடலாம், இதை மூட முடியாது. குடல் அதன் வழியாக வெளியே வந்தாக வேண்டும், மலமும் காற்றும் போக இடம் வேண்டும். காஜா எடுக்காத பொத்தான் துளை போல, இழுபட இழுபட அந்த ஓரம் விரிந்துகொண்டே போக வாய்ப்பு உண்டு. குடலுக்கும் துளையின் ஓரத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அதன் வழியாக வேறு குடலோ வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புப் படலமோ தோலுக்கடியில் வந்து உட்கார்ந்தால் அதுதான் ஸ்டோமா பக்கத்து ஹெர்னியா. ஆக, துளையைப் போட்டது ஆபரேஷன். அதை விரிப்பது வயிற்றுக்குள் இருந்து வரும் அழுத்தம். விரியாமல் தாங்குவது திசுவின் பலம். நாம் செய்யக்கூடியதெல்லாம் அழுத்தத்தைக் குறைப்பதும் திசுவைப் பலமாக வைத்திருப்பதும்தான்.

பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. 2003இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், குடலின் ஒரு முனையை மட்டும் வெளியே கொண்டுவரும் நிரந்தரமான ஒற்றைவாய் கொலோஸ்டமிக்கு ஹெர்னியா விகிதம் ஆய்வுக்கு ஆய்வு 4 சதவீதத்திலிருந்து 48 சதவீதம் வரை இருந்தது. சிறுகுடலில் போடும் நிரந்தர இலியோஸ்டமிக்கு ஏறக்குறைய 2 முதல் 28. தற்காலிகமாகப் போட்டுச் சில மாதத்தில் மூடிவிடும் வளைய இலியோஸ்டமிக்கு 6 சதவீதம் வரைதான். இத்தனை வித்தியாசம் ஏன் என்றால், கையால் தொட்டுப் பார்த்து எண்ணினால் ஒரு கணக்கு, சி.டி. ஸ்கேனில் பார்த்தால் அதைவிடப் பெரிய கணக்கு. இரண்டு வருடம் பார்த்தால் ஒன்று, பத்து வருடம் பார்த்தால் இன்னொன்று. பெரும்பாலானவை முதல் இரண்டு வருடத்தில் தலைகாட்டும், அப்புறமும் வரலாம். அப்பாவுக்கு இருப்பது அதிக வாய்ப்புள்ள வகை என்பது நிச்சயம். வந்தே தீரும் என்பது நிச்சயமில்லை. வந்தவர்களிலும் பாதிக்கு மேல் அதை வைத்துக்கொண்டே சாதாரணமாக நடமாடுகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன்.

இப்போது மூட்டை விஷயம். பை வைத்த வீடுகளில் எல்லோருடைய கண்ணும் தண்ணீர்க் குடத்தின் மேல்தான் இருக்கும். ஒரு செம்பு எடுத்தால்கூட "ஐயோ வை கீழே" என்று நாலு குரல் கேட்கும். அதே வீட்டில் அந்த மனிதர் பீடி குடித்துவிட்டு விடிய விடிய இருமிக்கொண்டிருப்பார், அதை யாரும் ஹெர்னியாவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 2005இல் ஆரோக்கியமான இளவயதினரிடம் வயிற்றுக்குள் அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். நேராக நிற்கும்போது சராசரி 20 மி.மீ. பாதரசம். இருமும்போது 107. குதிக்கும்போது 171. நாலரை கிலோ எடையைத் தூக்கியபோதும் முழங்காலை மடக்கியபோதும் பெரிதாக ஏறவில்லை. அவர்கள் நல்ல உடம்புக்காரர்கள், ஆபரேஷன் ஆன 61 வயதுக்காரர் இல்லை. அதனால் இந்த எண்களை அப்படியே அப்பாவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் எது பெரியது, எது சிறியது என்ற வரிசை மாறாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை பால் பாத்திரம் தூக்குவதா, நூறு தடவை இருமுவதா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே இருமலிலிருந்து ஆரம்பியுங்கள். அப்பா பீடி, சிகரெட் குடிப்பவராக இருந்தால் நிறுத்த வேண்டும். இருமல் ஒரு காரணம், புகை திசு ஆறுவதையே கெடுக்கிறது என்பது இன்னொரு காரணம். ஆபரேஷனுக்கு முன்பே விட்டிருந்தால் நல்லது, இப்போது விட்டாலும் லாபம்தான். ஆஸ்துமா, நாள்பட்ட சளி இருந்தால் இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கிறாரா என்று பாருங்கள். பலர் மூச்சு முட்டும்போது மட்டும் எடுப்பார்கள். சளியே இல்லாமல் தொண்டையில் அரிப்போடு வறட்டு இருமல் இருந்தால் அவருடைய பி.பி. மாத்திரைப் பட்டையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி "ப்ரில்" என்று முடியும் மாத்திரைகள் சிலருக்கு இப்படி இருமலைக் கொடுக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். மாதக்கணக்கில் இருமல் டானிக் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இந்த ஒரு மாற்றத்தில் இருமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். எந்த இருமல், தும்மல், பலத்த சிரிப்பு வந்தாலும் உள்ளங்கையைப் பையின் மேல் தட்டையாக வைத்து ஸ்டோமாவை லேசாக உள்நோக்கித் தாங்கச் சொல்லுங்கள். முதல் சில மாதத்துக்கு இது அனிச்சையாகவே வரும்படி பழக வேண்டும். கையால் தாங்கினால் ஹெர்னியா இத்தனை சதவீதம் குறையும் என்று எடுத்துக் காட்ட ஆய்வு கிடையாது. ஆனால் செலவில்லாதது, கெடுதல் இல்லாதது, வலியும் குறைகிறது. கீமோதெரபி ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றால் வாந்தியும் இதே கணக்குதான். வாந்தி மாத்திரையைச் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், குமட்டல் வந்தபிறகு தேடாதீர்கள்.

அடுத்தது முக்குவது. கொலோஸ்டமியில் சுருக்குத் தசை கிடையாது, அதனால் முக்கவே தேவையில்லை. ஆனாலும் முக்குவார்கள். மலம் கெட்டியாகிப் பையில் இறங்காமல் வயிறு உப்பினால் தன்னையறியாமல் வயிற்றை இறுக்குவார்கள். இன்னொன்றும் உண்டு, இதை வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்துவிட்ட பிறகும் பல மாதங்களுக்குப் பழைய வழியில் "வருகிற மாதிரி" உணர்வு இருக்கும். நரம்புகளின் பழைய ஞாபகம் அது. சிலர் போய் உட்கார்ந்து முக்கிப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு அப்படி இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அங்கே ஒன்றும் இல்லை, உணர்வு தானாகக் குறையும் என்று தெரிந்தாலே முக்குவது நின்றுவிடும். மலம் கெட்டியாகாமல் இருக்கத் தண்ணீர், கீரை, வாழைப்பழம், தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் மலமிளக்கி. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தண்ணீர் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால் மாதிரி மாத்திரைகள் மலத்தைக் கல்லாக்கும், அதையும் சொல்லிவைக்கிறேன். அறுபது தாண்டிய ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் கழிக்கும்போது முக்குவதும் உண்டு. அதற்கு மருந்து இருக்கிறது, சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வயிறு. இதைச் சொன்னால் நம் வீடுகளில் வருத்தப்படுவார்கள். புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் உறவுக்காரர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடுதான் வருவார்கள். இளைத்துப்போனவருக்கு உடம்பு தேற வேண்டும், உண்மைதான். முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று புரதம் கொடுங்கள், காயம் ஆறவும் தசை தேறவும் அதுதான் வேண்டும். ஆனால் கட்டிலிலேயே வைத்து மூன்று வேளைக்கு ஐந்து வேளையாக ஊட்டினால் ஏறுவது தசை இல்லை, தொப்பை. தொப்பை ஸ்டோமாவை நாள் முழுக்க உள்ளிருந்து தள்ளும். ஐரோப்பாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இடுப்புச் சுற்று 100 செ.மீ. தாண்டியவர்களுக்கு ஹெர்னியா வாய்ப்பு 75 சதவீதம் என்று வந்தது. சிறிய ஆய்வு, அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் பருமன் ஒரு முக்கியக் காரணம் என்பதைப் பல ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்கின்றன. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பழைய எடைக்குத் திரும்பிவிட்டார் என்றால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, எத்தனை நாளைக்கு எதைத் தூக்கலாம்? இங்கே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு வேறு எண் சொல்வார்கள், ஏனென்றால் இந்த எண்கள் அனுபவத்தில் வந்தவை, ஆராய்ச்சியில் நிரூபித்தவை அல்ல. காயத்தின் திசு பலம் பிடிக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும் என்பதுதான் அடிப்படை. நான் சொல்லிவருவது இது: முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம், சொம்புத் தண்ணீர், சின்னக் காய்கறிப் பை, அவ்வளவுதான். அங்கிருந்து மூன்று மாதம் முடியும்வரை ஐந்து கிலோவைத் தாண்டாமல் மெல்ல மெல்ல ஏற்றலாம். அப்புறம் உடம்பு பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். தூக்கும்போது பொருளை உடம்போடு ஒட்டி வைத்து, முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டித் தூக்குவதுதான் வினை. படுக்கையிலிருந்து எழும்போதும் நேராக நிமிர்ந்து எழக் கூடாது. ஸ்டோமா இல்லாத பக்கமாக, அப்பாவுக்கு வலது பக்கமாக, ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். கட்டிலில் கயிறு கட்டி அதைப் பிடித்து இழுத்து எழுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, வேண்டாம்.

கடைக்குப் போகலாமா என்றால், போகலாம். ஆபரேஷனில் ஆசனவாயையும் எடுத்திருந்தால் கீழே உள்ள தையல் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ஆறியதா என்று சர்ஜன் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன்பிறகு கல்லாவில் மெத்தையான இருக்கை போட்டு இரண்டு மணி நேரம் உட்காரட்டும், நடுவில் எழுந்து நடக்கட்டும். பில் போடலாம், அரை கிலோ பருப்பு நிறுக்கலாம். 25 கிலோ அரிசி மூட்டை, எண்ணெய் டின், 20 லிட்டர் தண்ணீர் கேன் இதெல்லாம் இனி பையன்கள் வேலை. மூன்று மாதத்துக்கு மட்டும் இல்லை, எப்போதுமே. நிரந்தரக் கொலோஸ்டமிக்காரர் ஒருவர் 25 கிலோவை நாள்தோறும் தூக்கினால் ஹெர்னியா வரும் என்று நிரூபித்த ஆய்வு இருக்கிறதா என்று கேட்டால், உறுதியான சான்று குறைவுதான். இருந்தாலும் ஆள் வைத்துச் செய்யக்கூடிய வேலைக்கு ஏன் இந்தச் சூதாட்டம்? கூலி வேலைக்கே போய்த் தீர வேண்டியவர்களிடம் நான் இப்படிப் பேச மாட்டேன். அவர்களுக்குப் பெல்ட், தூக்கும் முறை, எடையைப் பிரித்துத் தூக்குவது என்று வேறு வழி பேச வேண்டியிருக்கும். உங்கள் அப்பாவுக்கு அந்த நெருக்கடி இல்லை. மேல் அடுக்கிலிருந்து பொருள் எடுக்க எட்டி இழுப்பதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அவர் கைக்கு அடிக்கடி வேண்டியதை இடுப்பு உயரத்துக்கு மாற்றி அடுக்கிவிடுங்கள்.

கட்டிலிலேயே வைத்திருப்பதை இன்றோடு நிறுத்துங்கள். படுத்தே இருந்தால் வயிற்றுத் தசை கரையும், சளி கட்டும், மலம் கட்டும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் சேரும். காலை மாலை நடை, முதலில் வீட்டுக்குள், அப்புறம் தெருமுனை வரை. அதோடு வயிற்றின் அடி ஆழத்தில் இடுப்பைச் சுற்றி ஓடும் தசைக்கு ஒரு பயிற்சி உண்டு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி தொப்புளை முதுகுப் பக்கம் லேசாக இழுக்க வேண்டும். மூன்று நான்கு நொடி அப்படியே வைத்து, பிறகு விட வேண்டும். பலத்தில் பத்தில் மூன்று பங்கு போதும், முகம் சிவக்கக் கூடாது. ஐந்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. அது சுலபமானதும், அதே நிலையில் இரண்டு முழங்காலையும் சேர்த்து இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ப்பது, இடுப்பை மட்டும் லேசாக முன்னும் பின்னும் உருட்டுவது. பல நாடுகளில் ஸ்டோமா நர்ஸ்கள் இதை ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சொல்லித் தருகிறார்கள். இது ஹெர்னியாவைத் தடுக்கும் என்பதற்கான சான்று இன்னும் பலவீனமானதுதான். முதுகுக்கும் நடைக்கும் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. படுத்துக்கொண்டு தலையும் காலும் ஒன்றாகத் தூக்கும் உட்காரும் பயிற்சி, இரண்டு காலையும் நேராகத் தூக்குவது, யோகா வகுப்பில் கபாலபாதி, நௌலி, இவை அப்பாவுக்கு வேண்டாம். மூச்சுப் பயிற்சி பழக்கம் இருந்தால் மெதுவான வகைகளை மட்டும் செய்யட்டும்.

பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவதும் தோல் கெடுவதும் இங்கேதான். "ஸ்டோமா பெல்ட்" என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்று விரல் அகல எலாஸ்டிக் பட்டை, பையின் காதில் மாட்டுவது. அது பை நகராமல் பிடிக்கும், ஹெர்னியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று அகலமான தாங்கு பெல்ட், வயிற்றைச் சுற்றி அணைப்பது. இவை இரண்டும் இல்லாமல் மருந்துக் கடையில் பிரசவத்துக்குப் பிறகு கட்டும் வயிற்றுப் பெல்ட்டையே கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அதில் கத்தரிக்கோலால் ஒரு ஓட்டை வெட்டிக் கட்டி வருபவர்கள் உண்டு. ஓட்டையின் ஓரம் ஸ்டோமாவை அறுக்கும், துணி விட்டுப்போய் ஓட்டை பெரிதாகும், சுற்றிலும் அழுத்தி நடுவில் அழுத்தாமல் விட்டால் வயிறு அந்த ஓட்டை வழியாகத்தான் தள்ளும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

சரியான தாங்கு பெல்ட் ஹெர்னியாவைத் தடுக்குமா? இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்டோமா நர்ஸ்கள் 2000களின் நடுவில் பெல்ட், பயிற்சி, அறிவுரை மூன்றையும் சேர்த்து ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய நோயாளிகளைவிட ஹெர்னியா குறைந்தது. ஆனால் மூன்றில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வும் இல்லை. அதனால் என் நிலை இதுதான்: கடையில் நிற்கும் நேரம், வேலை செய்யும் நேரம், இருமல் பிடித்திருக்கும் நாட்கள், இவற்றில் போடட்டும். குறைந்தது முதல் வருடம். தூங்கும்போது கழற்ற வேண்டும். படுத்தால் வயிற்று அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும், அங்கே பெல்ட்டுக்கு வேலை இல்லை. இரவும் பகலும் கட்டினால் நம் ஊர் வெயிலுக்கு வியர்வை தேங்கி, பையைத் தோலோடு ஒட்டும் பிளேட்டின் ஓரம் தூக்கி, கசிந்து, தோல் வெந்துபோகும். பிளேட்டைச் சுற்றி அரிப்போடு சிவப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை என்று சந்தேகப்பட்டுக் காட்டுங்கள்.

போடுகிற முறை: காலையில் எழுவதற்கு முன் படுத்த நிலையிலேயே பையைக் காலி செய்து, பெல்ட்டைச் சுற்றி ஒட்ட வேண்டும். நின்றுகொண்டு போட்டால் ஏற்கெனவே வெளியே தள்ளிய வயிற்றைத்தான் கட்டுகிறோம். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் இருக்கட்டும். இரண்டு விரல் நுழைய வேண்டும், சாப்பிட்டபின் மூச்சு விடச் சிரமப்பட்டால் இறுக்கம் அதிகம். பைக்கு மேலே பெல்ட் அமர்ந்தால் மலம் கீழே இறங்காமல் ஸ்டோமாவைச் சுற்றியே அப்பிக்கொள்ளும், அதுவே கசிவுக்கு வழி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேட்டியை ஸ்டோமாவுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டுவதும் கூடாது. பெண்களுக்குப் பாவாடை நாடா இதே தொல்லையைக் கொடுக்கும். வாங்குவதற்கு முன் ஸ்டோமா மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள், சட்டை சைஸை வைத்து வாங்கினால் பொருந்தாது.

ஆபரேஷன் மேசையில் தீர்மானமாகிற விஷயங்களும் உண்டு. துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போடாமல் இருப்பது, அவசர ஆபரேஷனா திட்டமிட்டதா, காயத்தில் சீழ் வைத்ததா, ஸ்டீராய்டு எடுத்தவரா, இவையெல்லாம் கணக்கில் வரும். துளையைச் சுற்றி முன்கூட்டியே மெஷ் என்கிற வலை வைத்துத் தைத்தால் ஹெர்னியா குறையுமா என்பதில் உலக சர்ஜன்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. நெதர்லாந்தில் 2017இல் வந்த ஆய்வில் ஒரு வருடத்தில் ஹெர்னியா குறைந்திருந்தது. ஸ்வீடனில் 2019இலும் பிரான்சில் 2021இலும் வந்த ஆய்வுகளில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. குடலை வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு வெளிப்பக்கமாகச் சாய்வாகக் கொண்டுவரும் பழைய முறை ஒன்று உண்டு, அதில் ஹெர்னியா குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எல்லா நோயாளிக்கும் அது தோதுப்படாது. "எங்கப்பாவுக்கு ஏன் வலை வைக்கவில்லை" என்று இப்போது சர்ஜனோடு சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் எழுதாத கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தவர்களுக்கும் ஹெர்னியா வந்திருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் நெல் மூட்டை தூக்கியவருக்கு வராமலும் இருந்திருக்கிறது. வந்தால் யார் மேலும் பழி போட வேண்டியதில்லை, முக்கியமாக அப்பாவின் மேல். அவர் ஒரு நாள் குடத்தை நகர்த்தியதைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் சொல்லிக்காட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அது ஹெர்னியாவைவிடக் கொடுமை.

வந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். குளித்தபின் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, ஸ்டோமா பக்கமும் மறுபக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கட்டும். லேசாக இருமும்போது ஸ்டோமாவைச் சுற்றிப் புடைத்து, படுத்தால் அமுங்கினால் காட்ட வேண்டும், பதற வேண்டாம். நன்றாக ஒட்டிக்கொண்டிருந்த பை திடீரென்று அடிக்கடி கசிவதும் ஸ்டோமாவின் வடிவம் மாறுவதும் முதல் அடையாளமாக இருக்கலாம். அப்போது பிளேட்டில் வெட்டும் துளையின் அளவை மறுபடி அளந்து வெட்ட வேண்டும், வளைந்த வயிற்றுக்கு ஏற்ற மென்மையான பிளேட் தேவைப்படும். தொந்தரவில்லாத ஹெர்னியாவுக்கு உடனே ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். வெறும் தையல் போட்டு மூடினால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. வலை வைத்துச் செய்தால் குறைவு, ஆனால் அதிலும் திரும்ப வருவது உண்டு. வலி, ஓயாத கசிவு, அடைப்பு என்று காரணம் இருந்தால்தான் அந்தப் பேச்சு.

இவை மட்டும் காத்திருக்கக் கூடாதவை: புடைப்பு கல் மாதிரி கெட்டியாகிப் படுத்தாலும் உள்ளே போகாமல் வலிப்பது, வயிறு உப்பி வாந்தியோடு பையில் மலமும் காற்றும் அறவே நின்றுபோவது, ஈரமான சிவப்பாக இருந்த ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கையால் அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாற்றுப் பை இரண்டையும் எடுத்துக்கொண்டு, சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அந்த நிமிஷமே கிளம்புங்கள், நடுராத்திரியாக இருந்தாலும் சரி.